நாலு கீழே, ரெண்டு வலது

எல்வின் வீட்டு டிவிக்குக் கீழே கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதற்குள் இரண்டாயிரத்து முந்நூறு படங்கள். கடையில் வாங்கியது என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் ரயிலில் சேர்ந்தவை. தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸிலிருந்து விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டம் தூங்கும், சீட்டாடும், பஜனை பாடும், மிச்ச நேரத்தில் பென்டிரைவ் மாற்றிக்கொள்ளும். பதினோரு வருஷம் இப்படி மாற்றிக்கொண்டால் ஒரு மனுஷனிடம் எவ்வளவு சேரும்! ஆனால் ஒன்றுக்காவது ஒழுங்கான பெயர் உண்டா? 'தெலுங்கு கிளியர் பிரிண்ட்', 'மஞ்சு கொடுத்தது', 'இதான் ஒரிஜினல்', 'இதான் நிஜமா ஒரிஜினல்' என்று வாய்க்கு வந்த பெயரில் கிடந்தன. நடுநடுவே வீட்டு வீடியோக்கள் வேறு. ஞானஸ்நானம், கல்யாணம், கிறிஸ்துமஸ் எல்லாம் சண்டைப் படங்களோடு தோளோடு தோள் உரசிக்கொண்டு இருந்தன.

ஈஸ்டர் முடிந்த மறு ஞாயிறு எல்வின் இதற்கு ஒரு முடிவு கட்டினான். ஆபீசில் ஒருத்தன் சொல்லிக்கொடுத்த புரோகிராமை லேப்டாப்பில் ஏற்றினான். அது ஒவ்வொரு படத்தையும் தானே திறந்து பார்க்கும், இன்டர்நெட்டில் விசாரிக்கும், சரியான பெயரும் வருஷமும் போஸ்டரும் கொடுக்கும், பாஷைவாரியாகப் பிரித்து அடுக்கும். வீட்டு வீடியோ என்று பட்டால் எடுத்த தேதியையே பெயராக வைத்து வருஷம், மாசம் என்று தனித்தனியே போட்டுவிடும். பொத்தானை அழுத்திவிட்டு எல்வின் பிரியாணி சாப்பிடப் போனான். கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் இரண்டாயிரத்து முந்நூறும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கின்றன. பெருமை தாங்காமல் பெண்டாட்டி சில்வியாவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"நல்லாத்தான் கீது. உங்க பீரோவ அடுக்கற மெஷின் ஏதாச்சும் கீதா கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

எல்வினின் அப்பா எட்மண்ட் அப்போது கோயிலில் இருந்தார். திரும்பி வந்தவரிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. கண் தெரியாத மனுஷனிடம் டிவியைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தார்கள். நினைத்தார்கள் என்பதுகூட அதிகம். அவர் ஞாபகமே யாருக்கும் வரவில்லை, அதுதான் உண்மை.

எட்மண்டுக்குக் கண்ணில் நீர் அழுத்தம் கூடி ஐந்து வருஷமாக வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். அதற்காக அவர் மூலையில் முடங்கிக் கிடக்கிற ஆள் இல்லை. நாற்பத்திரண்டு வருஷம் குடியிருந்த வீடு, காலே அவருக்குக் கண். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, கேஸ் பற்ற வைத்து, மகன் ரயிலுக்குப் போகுமுன் அவனுக்கு டீ போட்டுக் கொடுப்பவர் அவர்தான். கோயிலில் பைபிள் சங்கீதத்தை ஒரு வரி பிசகாமல் மனப்பாடமாகச் சொல்வார்.

பார்க்காமல் வேலை செய்வது அவருக்குப் புதிதும் இல்லை. தங்கச் சுரங்கம் ஓடின காலத்தில் அவர் வைண்டிங் என்ஜின் டிரைவர். ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் என்ற இரும்புக் கூண்டு பூமிக்குள் எங்கேயோ தொங்கும். அதை இயக்குகிறவர் மேலே ஒரு கட்டடத்துக்குள் உட்கார்ந்திருப்பார். கூண்டும் தெரியாது, ஆளும் தெரியாது. பெல் சத்தம்தான் பேச்சு. ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் இறக்கு, மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறார்கள். எண்ணிக்கை ஒன்று பிசகினால் உயிர் போகும். பத்தொன்பது வருஷம் சுரங்க வாயில் நின்று அவருக்குப் பெல் அடித்தவர் இரண்டாம் வீட்டு ராஜப்பா. "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நான் பெல்ல தப்பா எடுத்தேன்னு எவனாச்சும் சொல்லட்டும்" என்று எட்மண்ட் கல்யாணப் பந்தியில்கூடச் சவால் விடுவார். கேட்டுக் கேட்டு ஊருக்கே சலித்துப்போன சவால் அது. யாரும் எதிர்த்துச் சொன்னதும் இல்லை.

அந்த வீட்டில் ஒரே ஒரு சண்டைதான், மூன்று வருஷமாக. எல்வினுக்குப் பெங்களூருக்குக் குடிபோக வேண்டும். போக இரண்டு மணி, வர இரண்டு மணி, ஆயுசில் பாதி ரயிலிலேயே போகிறது. ஆறு வயசு மகள் அப்பாவை ஞாயிற்றுக்கிழமைதான் முழுசாகப் பார்க்கிறாள். எட்மண்டோ, "நீ போடா, யாரு வாணான்னது. நான் எங்கயும் வரல" என்று ஒரே பிடி. கண் தெரியாத அப்பாவை விட்டுவிட்டு எங்கே போவது? பேச்சு எடுப்பதும் கோபித்துக்கொள்வதும் நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதுமாகக் காலம் ஓடியது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சில்வியா மகளைக் கூட்டிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டையில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். எட்மண்ட் சோபாவைத் தட்டி, "இங்க வந்து குந்துடா" என்றார்.

"இன்னா டாடி?"

"எனுக்கு எண்ணிக்கை மறந்து போவுதுடா."

"இன்னா எண்ணிக்கை?"

எட்மண்டுக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. வேட்டி நுனியை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். "மம்மி குல்குல் சுடற வீடியோ கீது இல்ல? மொத வருஷ நினைவு நாளுக்கு சொந்தக்காரங்க எல்லாருக்கும் போட்டுக் காட்டின. அப்போ நீ ரிமோட்ட அமுக்கச்சொல்ல டிவில டிக்கு டிக்குன்னு சத்தம் வந்துச்சு. பழக்க தோசம், எண்ணிக்கினேன். மொதல்ல நாலு, கொஞ்சம் நிறுத்தி ரெண்டு, அப்பால ஒண்ணு. எந்தப் பட்டன்னு அப்பால நானே தடவித் தடவி கண்டுபுடிச்சேன். நாலு கீழ, ரெண்டு வலது, நடுவுல ஒண்ணு. தினம் நீங்க எல்லாரும் கெளம்பிப் போன அப்பால, பதினோரு மணிக்கு, அத்த போட்டுக் கேக்கறேன். ரெண்டு வருஷமா ஒரு நாளும் தப்பல."

எல்வினுக்கு இது புதுச் செய்தி. அம்மா மரியகுழந்தை சாவதற்கு முந்தின கிறிஸ்துமஸில் அவன் எடுத்த ஒன்பது நிமிஷ வீடியோ அது. அம்மா அதில் குல்குல் பலகாரம் வேகிற எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று எல்லாரையும் திட்டிக்கொண்டிருப்பாள். பகல் பதினோரு மணிக்கு இந்த வீட்டில் தினமும் அம்மா பேசிக்கொண்டிருந்திருக்கிறாள், வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல்.

"இப்போ இன்னா ஆச்சு?"

"ஒரு வாரமா அதேதான் அமுக்கறேன். எவனோ தெலுங்குல கத்தறான். வெட்டு, குத்துன்னு ஒரே ரகளை. மறுபடி மொதல்லேந்து எண்ணறேன். திரும்பவும் அவனே கத்தறான். நேத்து பதினேழு தடவ எண்ணினேன்டா. மம்மி வரல."

எல்வினுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. இதில் புரிய என்ன இருக்கிறது? நாலாவது வரிசை இப்போது தெலுங்குப் படங்களின் வரிசை. அம்மா 'குடும்பம்' என்ற பெட்டிக்குள், 2019 என்ற பெட்டிக்குள், டிசம்பர் என்ற பெட்டிக்குள், தேதியைப் பெயராக வைத்துக்கொண்டு நாற்பத்து மூன்று வீடியோக்களுக்கு நடுவே இருக்கிறாள். அடுக்கி வைத்தது அவன். சொல்ல வாயைத் திறந்தான். சத்தியமாகத் திறந்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

அதற்குள் எட்மண்ட், "நீ சொல்ற மாதிரி பெங்களூருக்கே போயிடலாம்டா" என்றார். "மூள போச்சுன்னா தனியா இருக்கக்கூடாது. ஒரு நாளு கேஸ தொறந்து வச்சிட்டு நான் பாட்டுக்குக் குந்திக்கினு இருப்பேன். உங்களுக்குத்தான் ஆபத்து."

திறந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது.

அதோடு நின்றிருந்தால்கூட ஏதோ ஒரு நிமிஷத் தடுமாற்றம் என்று மன்னித்துவிடலாம். எட்மண்ட் ரிமோட்டை நீட்டி, "நீ போடு பாக்கலாம்" என்றார். எல்வின் ரிமோட்டை வாங்கினான். அவன் கட்டைவிரல் முதலில் போனது சத்தத்தை அடைக்கிற பட்டனுக்கு. டிவி ஊமையாயிற்று. பிறகு கீழே, கீழே, உள்ளே, மறுபடி கீழே என்று இருபது முப்பது தடவை அழுத்தி டிசம்பரைத் தேடிப் பிடித்து, வீடியோவைத் தொட்டு, அதன் பிறகு சத்தத்தைத் திறந்தான்.

"கேமராவ வச்சிட்டு வந்து மாவ உருட்டுடா சோம்பேறி!" என்றாள் அம்மா. "உங்க டாடிய பாரு, சுடச் சுடத் திருடறாரு!"

எட்மண்டுக்கு முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். ஒன்பது நிமிஷமும் அசையாமல் கேட்டார். முடிந்ததும், "எத்தினி அமுக்கின?" என்றார்.

"அதேதான் டாடி. நாலு, ரெண்டு."

"ஆங்" என்று எட்மண்ட் தலையாட்டினார். "அது அங்கதான் கீது. எனுக்குத்தான் தெரில."

அட பாவி என்று எல்வின் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். சாயங்காலம் சில்வியா வந்ததும் எட்மண்ட் அவளிடம், "பெங்களூருக்கு ரெடி பண்ணுங்கம்மா" என்றார். அவள் சந்தோஷத்தில் கத்தியேவிட்டாள். மகள் தாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நல்லதுக்குத்தானே, அங்கே பெரிய கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, மனுஷனுக்கு நாலு பேர் துணை இருப்பார்கள் என்று மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்து வாதாட ஆரம்பித்தான். அவன் வாதத்தில் குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் விடிகாலை டீ இல்லை. எட்மண்ட் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். "கேஸ தொட பயமா கீதுடா. நீ ஸ்டேசன்ல குடிச்சிக்க" என்றார். ஸ்டேஷன் டீயை எல்வின் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே ஊற்றினான். ரயிலில் மஞ்சு என்ற சிநேகிதன் புதுப் படம் என்று பென்டிரைவை நீட்டினான். வேண்டாம் என்று எல்வின் கதவோரம் போய் நின்றுகொண்டான்.

பயம் என்பது ஒரு இடத்தோடு நிற்குமா? அந்த வாரம் கோயிலில் எட்மண்ட் சங்கீதம் சொல்லமாட்டேன் என்றார். ராஜப்பா வீட்டுக்குத் தனியாகப் போவதை நிறுத்தினார். நான் சாப்பிட்டேனா என்று சில்வியாவிடம் இரண்டு தரம் கேட்டார். அவள் பயந்துபோய் ஒரு சனிக்கிழமை ராபர்ட்சன்பேட்டை டாக்டரிடம் கூட்டிப்போனாள். எல்வினும் கூடப் போனான்.

"நூறுலேந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க" என்றார் டாக்டர்.

"தொண்ணூத்து மூணு" என்றார் எட்மண்ட். உடனே தலையைத் திருப்பி, "சரியாடா?" என்றார்.

"சரி டாடி."

"எம்பத்தாறு. சரியாடா?"

"சரிதான் டாடி."

"எழுபத்தொம்பது..." அதற்கு மேல் அவர் போகவில்லை. "வாணாம் டாக்டர். எனுக்கு இப்போ எண்ண வர்றதில்ல" என்றார்.

வயசுக்கு நன்றாகத்தான் இருக்கிறார், மனசில் ஏதோ பயம் இருக்கிறது, எதற்கும் பெங்களூரில் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். ஆட்டோவில் திரும்பும்போது எட்மண்ட் மகன் தொடையில் கை வைத்துக்கொண்டே வந்தார். எல்வின் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும், வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று வழி நெடுக நினைத்தான். வீடு வந்தது. பெங்களூர் ஹூடியில் பார்த்து வைத்திருந்த வீட்டைப் பேசி முடித்துவிட்டதாகப் போன் வந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. லாரி வருகிற தேதிகூட முடிவாயிற்று.

லாரி வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ராஜப்பா வந்தார். வீடு முழுக்க அட்டைப்பெட்டி. டிவியை மட்டும் இன்னும் கழற்றவில்லை. சில்வியா உள்ளே பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். எல்வின் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"ராஜப்பா, ஒண்ணு கேக்கணும், மறைக்காத சொல்லு" என்றார் எட்மண்ட். "மாணிக்கத்துக்கு கால் ஒடிஞ்சிது இல்ல, அன்னிக்கு நீ எத்தினி அடிச்ச?"

ராஜப்பா திகைத்துப்போனார். அது நடந்து முப்பத்தைந்து வருஷம் இருக்கும். கேஜ் தடதடவென்று இறங்கி, மாணிக்கம் என்ற தொழிலாளிக்குக் கால் ஒடிந்தது. செத்துப்போகும் வரைக்கும் நொண்டிக்கொண்டுதான் இருந்தான். கயிறு வழுக்கியதுதான் காரணம், டிரைவர் மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதினார்கள்.

"ரெண்டு அடிச்சேன். நீ எறக்கின. கயிறு வழுக்கிச்சு. இது இன்னாத்துக்கு இப்போ?"

"நீ ஒண்ணு அடிச்சி, நான் ரெண்டுன்னு எடுத்திருந்தா?"

"எட்மண்டு! இன்னா பேச்சு பேசற? அடிச்ச கை இதோ கீது!"

"நீ அடிச்சது சரிப்பா. நான் கேட்டது சரியா? ரெண்டு வருஷம் தினம் அடிச்ச எண்ணிக்கையே எனுக்கு இப்போ நிக்கல. ஒருவேள இது இப்போ வந்தது இல்லயோ, அப்பவே இருந்துச்சோ இன்னாவோ. கர்த்தர் கண்ண எடுத்ததுகூட அதுக்குத்தானோ? நாளைக்கு ஊர விட்டுப் போறேன். போறதுக்கு முன்னால மாணிக்கம் சம்சாரம் பார்வதம்மாவ பாத்து மன்னிப்பு கேட்டுக்கினு வந்துடறேன். நீ கூட வா."

எல்வின் கையிலிருந்த கயிற்றை விட்டான். இவ்வளவு தூரம் வரும் என்று அவன் எங்கே கண்டான்! ஊர் மாறத்தான் வாயை மூடினான். இப்போது மனுஷனின் மொத்த ஆயுசும் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

"டாடி, நான்தான் டாடி" என்றான். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் புரோகிராம் போட்டு எல்லாத்தையும் இடம் மாத்தி அடுக்கினேன். மம்மி வீடியோ நீங்க எண்ணின இடத்துல இல்ல. நீங்க சொன்ன அன்னிக்கே எனுக்குத் தெரியும். சத்தத்த அடச்சி வச்சிட்டு முப்பது தடவ அமுக்கித்தான் போட்டேன். நாலு ரெண்டுன்னு பொய் சொன்னேன். நீங்க வர்றேன்னு சொன்னீங்க, அதான் சொல்லாம இருந்துட்டேன். உங்க எண்ணிக்கை சரி டாடி. அன்னிக்கும் சரி, இன்னிக்கும் சரி."

உள்ளே பேப்பர் சத்தம் நின்றது. சில்வியா கதவருகில் வந்து நின்று புருஷனைப் பார்த்தாள்.

எட்மண்டின் முகம் மெல்ல இளகியது. கையை நீட்டி, காற்றில் துழாவி, மகன் தலையைப் பிடித்தார்.

"கேட்டியா ராஜப்பா" என்றார். "அப்பன் மனசு உடையக்கூடாதுன்னு பழிய தன் தலையில போட்டுக்கறான். மரியகுழந்தை வளத்த புள்ள."

"ஐயோ டாடி, பொய் இல்ல. பைபிள் மேல சத்தியம்!"

"சத்தியம் எல்லாம் பண்ணாதடா. பாவம்."

"எட்மண்டு, பையன் நெசமாத்தான் சொல்றான்" என்றார் ராஜப்பா. அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். எல்வினின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீயும் சேந்துக்கினியா" என்று எட்மண்ட் சிரித்தார்.

எல்வின் ஓடிப்போய் லேப்டாப்பைக் கொண்டுவந்தான். செய்ததையெல்லாம் புரோகிராம் குறித்து வைத்திருந்தது, பழையபடியே திருப்பிப் போடவும் அதில் வழி இருந்தது. இருபது நிமிஷம் ஆயிற்று. 'மஞ்சு கொடுத்தது' தன் இடத்துக்கு வந்தது. 'இதான் நிஜமா ஒரிஜினல்' வந்தது. அம்மா வந்தாள். எல்வின் சரிபார்த்துக்கொண்டு ரிமோட்டை அப்பா கையில் வைத்தான். "இப்போ எண்ணுங்க டாடி. நீங்களே எண்ணுங்க. தெரியும்."

எட்மண்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணு" என்றார். டிக். "ரெண்டு." டிக். மூன்றாவதை அழுத்தும்போது கை நடுங்கியது. டிக் டிக் என்று இரண்டு தடவை கேட்டதா, ஒரு தடவையா? அவர் நின்றார். "மூணா, நாலா?"

எல்வின் சொல்ல வந்தான். அவர் வேண்டாம் என்று கை காட்டினார். யோசித்து இன்னொன்று அழுத்தினார், வலது பக்கம் இரண்டு, நடுவில் ஒன்று. யாருடைய கல்யாணத்திலோ பேண்டு வாத்தியம் அலறியது.

"இன்னொரு தடவ டாடி! கை வழுக்கிடுச்சி, அவ்வளவுதான்!"

"போதும்டா" என்று எட்மண்ட் ரிமோட்டைப் பக்கத்தில் வைத்தார். எல்வின் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான். எட்மண்ட் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"சரி, சரி, நீதான் பண்ண. டாடி நம்பறேன். அழாத." பயந்து அழுகிற பிள்ளைக்குச் சொல்கிற குரலில் சொன்னார். அப்புறம் எழுந்து நின்றார். "இருட்டறதுக்குள்ள பார்வதம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்துடலாம். கைய புடிடா. வாசப்படி எந்தப் பக்கம்னு தெரில."

எல்வின் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான்.